மருத்துவமனையில் ஆள் குறைவது எப்படி? பிரிட்டிஷ் கொலம்பியாவின் இருபது வருடச் சண்டை

ஒரு நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிக் கிளம்பியதும் அவருடைய படுக்கை காலியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மருத்துவமனையின் கணக்கில் அது இன்னும் காலி இல்லை. மெத்தை உறை, கட்டில் கம்பி, மேசை, அழைப்பு மணி, கழிப்பறை என எல்லாவற்றையும் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும். சலவையிலிருந்து விரிப்பு வந்திருக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர் அன்றைக்கு இரண்டு வார்டுகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தால், கீழே அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர் அங்கேயே கிடப்பார். மருத்துவர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், படுக்கையும் இருக்கிறது. ஆனாலும் அவரை மேலே கொண்டுபோக முடியாது.

அறுவை சிகிச்சைக் கூடத்திலும் இதே கதைதான். கருவிகளைக் கழுவி, பிரித்து, நீராவியில் கிருமி நீக்கி, தட்டில் அடுக்கித் தருகிறவர்கள் குறைந்தால் அறுவை சிகிச்சை நிபுணர் கையைக் கழுவிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். நோயாளியை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள் இல்லையென்றால் எக்ஸ்ரே இயந்திரம் சும்மா நிற்கும். மருத்துவர் பற்றாக்குறை செய்தியாகிறது. இவர்கள் பற்றாக்குறை பெரும்பாலும் வேலைநிறுத்தம் நடக்கும்போதுதான் செய்தியாகிறது, அதுவும் நோயாளிகளுக்கு ஏற்பட்ட சிரமம் என்ற தலைப்பில்.

இந்தப் பற்றாக்குறை எப்படி உண்டாகிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கனடாவின் மேற்குக் கடற்கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியா நல்ல உதாரணம். அங்கே ஆள் குறைந்தது ஒரு குறிப்பிட்ட வார இறுதியில் தொடங்கியது என்று தேதி போட்டே சொல்லலாம்.

அந்த மாகாணத்தின் மருத்துவமனை ஊழியர் சங்கம், சுருக்கமாக ஹெச்.இ.யூ., 1944இல் வான்கூவர் பொது மருத்துவமனையில் உருவானது. அதுவரை ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருந்த சங்கங்கள் ஒன்றாயின. சமையலறை, சலவை, துப்புரவு, நோயாளி உதவியாளர், எழுத்தர் என எல்லோரும் அதில் உறுப்பினர்கள். 1970களில் இந்தச் சங்கம் கையில் எடுத்த பெரிய விஷயம் ஆண், பெண் சம்பள வித்தியாசம். ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்த ஆர்டர்லி என்ற ஆண் உதவியாளருக்கு ஒரு சம்பளம், பெண் உதவியாளருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்பதை எதிர்த்து வழக்காடி ஜெயித்தார்கள். 1992இல் வேலைநிறுத்தம் செய்து அந்த வித்தியாசத்தை இன்னும் குறைத்தார்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் 2000 வாக்கில் ஒரு மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர் மணிக்கு 18 டாலர் அளவில் சம்பாதித்தார். வான்கூவர் மாதிரி விலைவாசி உள்ள ஊரில் அது பெரும் பணம் இல்லை, ஆனால் வாடகை கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் போதும். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலர் பிலிப்பைன்ஸ், பஞ்சாப், சீனா என்று வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

2001 மாகாணத் தேர்தலில் கோர்டன் கேம்பலின் லிபரல் கட்சி 79 இடங்களில் 77ஐப் பிடித்தது. தேர்தலுக்கு முன்பு இதே சங்கத்தின் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், கையெழுத்தான ஒப்பந்தங்களைக் கிழித்துப்போட மாட்டேன் என்ற பொருளில் கேம்பல் பேசியிருந்தார். ஆட்சிக்கு வந்த பிறகு அரசு வேறு மாதிரி பேசியது. ஓட்டலில் அறை சுத்தம் செய்பவர் வாங்குவதைவிட மருத்துவமனையில் சுத்தம் செய்பவர் ஏன் இவ்வளவு அதிகம் வாங்க வேண்டும் என்று கேட்டது.

2002 ஜனவரி கடைசியில் மசோதா 29 வந்தது. அறிமுகமான மூன்றே நாட்களில், ஒரு வார இறுதிக்குள், சட்டமாகிவிட்டது. ஊழியர்களின் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்த முக்கியமான பாதுகாப்புகளை அது செல்லாததாக்கியது. சங்கத்தோடு பேசாமல் வேலையை வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதி போயிற்று. ஆட்குறைப்பு வந்தால் மூத்தவர் இளையவரின் இடத்துக்கு நகரலாம் என்ற உரிமை வெட்டப்பட்டது. காண்ட்ராக்ட் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் போனால் சங்கமும் ஒப்பந்தமும் கூடவே போகும் என்ற பாதுகாப்பும் போனது. இனிமேல் இவற்றைப் பேச்சுவார்த்தையில் திரும்ப எழுதிக்கொள்வதற்கும் தடை போட்டார்கள். சட்டம் வருவதற்கு முன்பு சங்கத்தைக் கலந்து பேசினார்களா என்று பின்னால் நீதிமன்றம் தேடிப் பார்த்தபோது அகப்பட்டது ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே. மசோதா குழுவுக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்பு, இதைச் செய்யப்போகிறோம் என்று தகவல் சொன்ன அழைப்பு அது.

அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் 8,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலை இழந்தார்கள். துப்புரவும் சமையலும் சோடெக்ஸோ, காம்பஸ், அராமார்க் ஆகிய பன்னாட்டு நிறுவனங்களுக்குப் போயின. அதே வேலைக்குப் புதிதாக எடுக்கப்பட்டவர்களுக்கு மணிக்கு 10 டாலரை ஒட்டிய சம்பளம். முப்பது வருடம் போராடி ஏற்றிய சம்பளம் ஒரே சட்டத்தில் கிட்டத்தட்டப் பாதியானது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆட்களை வேலைக்கு எடுக்கும் முன்பே இந்த நிறுவனங்கள் ஒரு சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுவைத்துக்கொண்டன. அது மரம் அறுப்பவர்களின் சங்கம்! மர ஆலைகள் மூடி உறுப்பினர்கள் குறைந்துகொண்டிருந்த காலம் அது, புது உறுப்பினர்கள் கிடைத்தால் போதும் என்றிருந்தது அந்தச் சங்கத்துக்கு. ஒரு தொழிற்சங்கம் இன்னொரு தொழிற்சங்கத்தின் முதுகில் குத்துவது புதிதல்ல, நம் ஊரிலும் பார்த்ததுதான். ஆனால் இன்னும் பிறக்காத பணியிடத்துக்குச் சம்பளத்தைக் குறைத்துக் கையெழுத்துப் போட்ட கதை அபூர்வம்.

சரி, சம்பளம் குறைந்தது, ஆள் எண்ணிக்கை எப்படிக் குறைந்தது?

துப்புரவு வேலையில் செலவு என்றால் பெரும்பாலும் கூலிதான். துடைப்பமும் திரவமும் ஒட்டுமொத்தச் செலவில் சிறு பங்கு. ஒரு நிறுவனம் குறைந்த தொகைக்கு டெண்டர் எடுத்து லாபமும் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு இருப்பது இரண்டே வழி. ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கும் கூலியைக் குறைக்கலாம், அல்லது மொத்த மணி நேரத்தைக் குறைக்கலாம். நடைமுறையில் இரண்டும் நடக்கும். கூலி குறைந்தால் ஆள் நிலைக்க மாட்டார். பயிற்சி பெற்றவர் ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவார், புதியவருக்கு எந்தத் திரவத்தை எந்த இடத்தில் போட வேண்டும் என்பதிலிருந்து சொல்லித் தர வேண்டும். தாளில் பணியிடம் நிரம்பியிருக்கும், வார்டில் வேலை தெரிந்தவர் இருக்க மாட்டார். யாராவது உடம்பு சரியில்லை என்று லீவு போட்டால் அந்த இடத்துக்கு மாற்று ஆள் போடாமல் பக்கத்து வார்டுக்காரரிடம் சேர்த்துக் கொடுப்பார்கள். அன்றைய கணக்கில் அது பற்றாக்குறை என்று பதிவாகாது.

இன்னொரு சேதமும் நடந்தது, அது எந்தக் கணக்கிலும் வராதது. முன்பு துப்புரவுப் பணியாளர் வார்டின் ஆள். தலைமைச் செவிலியர் கூப்பிட்டு, அந்த அறையை முதலில் பாருங்கள், வயிற்றுப்போக்கு நோயாளி என்று சொன்னால் போதும். காண்ட்ராக்ட் வந்த பிறகு பல இடங்களில் செவிலியர் ஒரு அழைப்பு மையத்துக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. அங்கே பதிவு செய்து, மேற்பார்வையாளருக்குப் போய், பிறகு ஆள் வர வேண்டும். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றுகொண்டிருப்பார்கள், ஆனால் ஒருவர் இன்னொருவருக்கு வேலை சொல்ல முடியாது.

வயிற்றுப்போக்கு என்று சும்மா சொல்லவில்லை. க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்றொரு கிருமி இருக்கிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் குடலின் நல்ல பாக்டீரியாக்களை இழந்த முதியவர்களை அது பிடித்துக்கொண்டால் கடுமையான வயிற்றுப்போக்கு வரும், உயிரும் போகலாம். இந்தக் கிருமி ஓட்டுக்குள் ஒடுங்கிய வித்துகளாகக் கட்டில் கம்பியிலும் கழிப்பறைக் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் இருக்கும். கைக்குத் தேய்க்கும் ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது. சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பரப்புகளைச் சரியான அளவில் கலந்த ப்ளீச்சால் துடைத்து, சில நிமிடங்கள் ஈரமாகவே விட வேண்டும். அவசரமாகத் துடைத்துக் காய்ந்துபோனால் துடைக்காததற்குச் சமம். ஆக, ஒரு அறைக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறோம் என்பது இங்கே நேரடியாகத் தொற்றுத் தடுப்புப் பிரச்சினை.

2008இல் வான்கூவர் தீவில் உள்ள நனைமோ மருத்துவமனையில் இந்தக் கிருமி பரவியது. மாகாண நோய்க் கட்டுப்பாட்டு மையம் விசாரித்துக் கொடுத்த அறிக்கை துப்புரவில் இருந்த குறைகளையும் சுட்டியது. 2012இல் பர்னபி மருத்துவமனையின் துறைத் தலைவர்கள் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம் வெளியே வந்து பெரிய பிரச்சினையானது. சில வருடங்களில் இந்தக் கிருமியோடு தொடர்புடைய மரணங்கள் பல நிகழ்ந்துள்ளன என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அவுட்சோர்சிங்தான் இவர்களைக் கொன்றது என்று ஒரே கோட்டில் இழுத்துச் சொல்வது நேர்மையாகாது. பழைய கட்டடம், நான்கு பேருக்கு ஒரே கழிப்பறை, நிரம்பி வழியும் வார்டு, ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொடுப்பது என எல்லாமே சேர்ந்துதான் பரவுகிறது. துப்புரவு சொந்த ஊழியர்களிடம் இருக்கும் மருத்துவமனைகளிலும் இந்தக் கிருமி பரவியதுண்டு. ஆனால் இத்தனை காரணங்களில் துப்புரவு ஒன்றைத்தான் பணம் மிச்சம் பிடிக்கிறோம் என்று சொல்லித் தெரிந்தே தளர்த்தினார்கள்.

இடையில் 2004. ஏப்ரல் 25 அன்று மருத்துவமனைகளில் மிச்சமிருந்த சொந்த ஊழியர்கள், 40,000க்கும் அதிகமானோர், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அத்தியாவசியச் சேவைகளுக்கு ஆள் ஒதுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தார்கள், சட்டம் அப்படி. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. நான்கே நாட்களில் அரசு மசோதா 37ஐக் கொண்டுவந்து வேலைக்குத் திரும்பச் சொன்னதோடு, வேலை நேரத்தைக் கூட்டி, ஊதியத்தைக் குறைத்து, மொத்தத்தில் 15 சதவீத வெட்டைத் திணித்தது. அந்த வெட்டை முன்தேதியிட்டு அமல்படுத்தும் பிரிவும் அதில் இருந்தது. செய்து முடித்த வேலையின் கூலியைத் திருப்பிக் கேட்பது போலத்தான் அது. அதுதான் மற்றவர்களையும் கிளப்பிவிட்டது. ஊழியர்கள் சட்டத்தை மீறிக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள், மாகாணத்தின் மற்றத் துறைத் தொழிலாளர்களும் வேலையை விட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். மே 3 திங்கட்கிழமை பொது வேலைநிறுத்தம் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை இரவு தலைவர்கள் அரசோடு ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டார்கள். முன்தேதியிட்ட வெட்டு போனது. இனிமேல் வெளியே கொடுக்கும் வேலைகள் 600 முழுநேரப் பணியிடங்களைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வந்தது. 15 சதவீத வெட்டு மட்டும் அப்படியே இருந்தது.

இன்னும் ஒரு நாள் தாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தலைமுறை ஊழியர்கள் வெகுநாள் மனம் கசந்து பேசினார்கள். 600 என்ற அந்த எண் மீதிப் பேரைக் காப்பாற்றியது என்பது தலைவர்கள் பக்க நியாயம். எனக்கு இரண்டும் புரிகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எத்தனை பேரை வெளியே அனுப்பலாம் என்பது அன்றைக்குப் பேச்சுவார்த்தை மேசையில் ஒரு எண்ணாக வந்து உட்கார்ந்தது.

மசோதா 29ஐ எதிர்த்துச் சங்கங்கள் போட்ட வழக்கு 2007 ஜூன் 8 அன்று கனடா உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கூடிப் பேரம் பேசும் உரிமை அரசியலமைப்புப் பாதுகாக்கும் சங்க உரிமைக்குள் வராது என்று 1987இல் இதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. இருபது வருடம் கழித்து, அது வரும் என்று தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. மசோதா 29இன் மூன்று முக்கியப் பிரிவுகள் விழுந்தன, சரிசெய்துகொள்ள அரசுக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் தரப்பட்டது. கனடாவின் தொழிலாளர் சட்டத்தில் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது. அதே நேரம் அவுட்சோர்சிங் தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எதிர்த்தரப்போடு நல்லெண்ணத்தோடு பேசாமல் ஒப்பந்தத்தை அழிக்கக் கூடாது என்று மட்டுமே சொன்னது. அடுத்த வருடம் அரசு 8.5 கோடி டாலர் அளவில் இழப்பீட்டுக்கு ஒத்துக்கொண்டது. பணம் வந்தது, வேலைகள் வரவில்லை. காண்ட்ராக்டுகள் தொடர்ந்தன.

இந்தக் காலத்தில் ஹெச்.இ.யூ. செய்த புத்திசாலித்தனமான காரியம், காண்ட்ராக்ட் ஊழியர்களை வேற்றாளாகப் பார்க்காமல் ஒவ்வொரு நிறுவனமாகப் போய்ச் சங்கத்தில் சேர்த்தது. தன் உறுப்பினரின் இடத்தில் வந்து உட்கார்ந்தவரையே உறுப்பினராக்குவது சுலபமான காரியமில்லை. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நிலைமை இன்னும் மோசம். ஊழியர்கள் சங்கம் வைத்துக் கொஞ்சம் சம்பளம் ஏற்றினால், உரிமையாளர் காண்ட்ராக்டை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடுவார். எல்லோருக்கும் வேலை போகும், புதிய நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பழைய அடிமட்டச் சம்பளத்தில் சேரலாம். சங்கத்தை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடம் பரிச்சயமாக இருக்கும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் துப்புரவும் காவலும் காண்ட்ராக்ட் நிறுவனங்களிடம் போய்ப் பல வருடங்களாகின்றன. மலேசியா 1997லேயே அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு, பராமரிப்பு எல்லாவற்றையும் தனியாருக்குக் கொடுத்துவிட்டது. அங்கே இந்த வேலையில் இருப்பவர்களில் தமிழ்ப் பெண்கள் கணிசமானவர்கள். துணைக் காண்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் பத்து, இருபது வருடம் உழைத்தவரும் புதியவராகக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது என்பது அவர்களின் நீண்டகாலப் புகார். 2020 ஜூனில், கோவிட் கட்டுப்பாடுகள் இருந்த நேரத்தில், ஈப்போ மருத்துவமனை முன் மறியல் செய்த துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தினர் ஐந்து பேரைக் கைது செய்தார்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் கோவிட்தான் திரையை விலக்கியது. கனடாவின் முதல் கோவிட் மரணம் 2020 மார்ச் 8 அன்று வடக்கு வான்கூவரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நிகழ்ந்தது. தொற்று ஒரு இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது என்று பார்த்தால், பராமரிப்பு உதவியாளர்கள் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று இல்லங்களில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் முழுநேரம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அந்தச் சம்பளம் போதவில்லை. இனி ஒருவர் ஓரிடத்தில்தான் வேலை செய்ய வேண்டும் என்று மாகாண சுகாதார அதிகாரி பானி ஹென்றி உத்தரவிட்டார். உத்தரவு போட்ட உடனே ஒரு உண்மை தெரிந்தது. மூன்று இல்லங்களின் பட்டியலில் மூன்று ஆளாக இருந்தவர் ஒரே ஆள். அவரை ஓரிடத்தில் நிறுத்தினால் மற்ற இரண்டு இடங்களில் ஓட்டை விழும். அதோடு, சம்பளம் அதிகம் தரும் இடத்தைத்தான் எல்லோரும் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் எல்லா இல்லங்களிலும் சம்பளத்தைச் சங்க ஒப்பந்தத்தின் அளவுக்கு உயர்த்த அரசே பணம் கொடுத்தது. 2002இல் எந்தச் சம்பளம் அதிகம் என்று சொன்னார்களோ, ஆள் நிற்க வேண்டுமென்றால் அதுதான் விலை என்று 2020இல் தெரிந்தது.

ஆட்சி 2017லேயே மாறியிருந்தது. புதிய ஜனநாயகக் கட்சி அரசு 2018இல் மசோதா 29ஐயும் அதன் துணைச் சட்டத்தையும் ரத்து செய்தது. 2021 ஆகஸ்ட் 30 அன்று சுகாதார அமைச்சர் ஏட்ரியன் டிக்ஸ், 21 துப்புரவு, உணவுக் காண்ட்ராக்டுகளை முடித்து 4,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை, மருத்துவமனைகளை நடத்தும் அரசுச் சுகாதார ஆணையங்களின் நேரடி ஊழியர்களாக்குவதாக அறிவித்தார். 2022இலிருந்து ஒவ்வொரு காண்ட்ராக்டாக முடித்து அவர்களை உள்ளே எடுத்தார்கள். ஒருமுறை வெளியே போன வேலை இவ்வளவு பெரிய அளவில் உள்ளே திரும்பி வருவது உலகத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

அப்புறம் பற்றாக்குறை தீர்ந்துவிட்டதா? இல்லை. தடுப்பூசி போட மறுத்தவர்களை 2021 அக்டோபரில் வேலையை விட்டு அனுப்பியதில் கொஞ்சம் பேர் போனார்கள். அந்தக் கட்டாயம் 2024 ஜூலையில்தான் விலகியது. களைத்துப்போய் ஓய்வு வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. வான்கூவர் வாடகைக்கு மருத்துவமனைச் சம்பளம் பத்தாது என்று சிறிய ஊர்களுக்குப் போனவர்கள் உண்டு, சிறிய ஊர் மருத்துவமனைகளிலோ ஆளே கிடைப்பதில்லை. பராமரிப்பு உதவியாளராகச் சம்பளத்தோடு பயிற்சி தரும் திட்டத்தை அரசு 2020இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்தது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் சேருகிறவர் எண்ணிக்கையைப் பத்திரிகைக் குறிப்பில் சொல்வது சுலபம், விலகுகிறவர் எண்ணிக்கையை யாரும் குறிப்பு வெளியிட்டுச் சொல்வதில்லை.

இப்போது சண்டை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. யார் முதலாளி என்ற கேள்வி பெருமளவு முடிந்தது, ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பேர் என்பதுதான் மிச்சம். நிர்வாகத்துக்கு அது பட்ஜெட் விஷயம், தன் அதிகாரத்துக்கு உட்பட்டது. சங்கத்துக்கு அது பணிச்சுமை, பாதுகாப்பு. முதுகுப் பிடிப்பும் தோள்வலியும் வந்து ஒருவர் படுத்துவிட்டால் மிச்சமிருப்பவர் அதிகம் தூக்குகிறார், அடுத்து அவர் படுக்கிறார். ஊழியர் ஒருவர் பணிச்சுமை என்று எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். அது நடுவர் முன் போய்ச் சேரும்போது அந்த ஷிஃப்ட் முடிந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். அன்றைக்கு அறைகள் சரியாகத் துடைக்கப்படவில்லை என்று நிரூபித்தால் குற்றம் துடைத்தவர் மேலேயே திரும்பலாம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்றால் பிறகு ஆள் எதற்கு என்பார்கள்.

செவிலியர்கள் இந்தப் பொறியிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2023 ஏப்ரலில் அவர்களின் சங்கத்தோடு மாகாண அரசு செய்துகொண்ட ஏற்பாட்டில், ஒரு செவிலியருக்கு அதிகபட்சம் இத்தனை நோயாளிகள் என்று வார்டு வகைக்கேற்ப வரையறுப்பதாக ஒத்துக்கொண்டது. கனடாவில் முதல் மாகாணம் இதுதான். அந்த விகிதக் கணக்கில் துப்புரவுப் பணியாளரும் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரும் சமையலறை ஊழியரும் இல்லை. செவிலியர் எண்ணிக்கையை நிரப்புவதற்கு நிர்வாகத்துக்கு எழுத்தில் கட்டாயம் இருக்கிறது, மற்றவர்கள் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு எழுத்தில் தடை எதுவும் இல்லை. பணம் நெருக்கும்போது எந்தப் பக்கம் வெட்டு விழும் என்று ஊகிக்க நிபுணர் வேண்டாம். ஒரு பணியாளருக்கு ஷிஃப்டுக்கு எத்தனை அறை என்பதை இன்னும் மேற்பார்வையாளர்தான், காலையில் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.